ஏட்டுச் சுரைக்காயும் ஏட்டுப் பணமும்

வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் இராமலிங்க அடிகள் மூட்டிய அடுப்பு அது. பசித்து வருவோர் யாராயினும் அங்கே சோறு உண்டு. ஆனால் சோற்றுக்கு அரிசி வேண்டும். கணக்கேட்டில் 'அரிசி நூறு மூட்டை' என்று எழுதி வைத்தால் உலையில் ஒரு மணியும் விழாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

பணத்துக்கு மட்டும் இந்தப் பழமொழி முழுமையாகப் பொருந்துவதில்லை. அரிசியை எழுதி உண்டாக்க முடியாது. பணத்தை எழுதி உண்டாக்கலாம். வங்கிகள் நாள்தோறும் அதைத்தான் செய்து வருகின்றன.

ஒருவர் போட்ட பணத்தை எடுத்து மற்றொருவருக்குக் கடனாகக் கொடுக்கும் இடமே வங்கி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நடப்பது வேறு. குறிஞ்சிப்பாடி நெசவாளர் ஒருவர் நூல் வாங்க ஐம்பதாயிரம் ரூபாய் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி இசைந்தால், அவர் கணக்கில் ஐம்பதாயிரம் வரவு எழுதுகிறது. எவருடைய சேமிப்பிலும் ஒரு ரூபாய் குறைவதில்லை. நேற்று இல்லாத ஐம்பதாயிரம் இன்று இருக்கிறது. நூல் வணிகர் அதை மறுக்காமல் பெற்றுக்கொள்கிறார். நெசவாளர் கடனை அடைக்க அடைக்க, அந்தப் பணமும் வந்த வழியே மறைகிறது. இங்கிலாந்து வங்கி 2014இல் தன் காலாண்டிதழில் இவ்வுண்மையை ஒளிவுமறைவின்றி விளக்கியது.

அப்படியானால் வங்கி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமா? முடியாது. எழுதிய தொகையை மக்கள் ரொக்கமாகக் கேட்பார்கள். பிற வங்கிகளுக்கும் மாற்றுவார்கள். அப்போது கொடுத்தாக வேண்டும். கடன் திரும்பாவிட்டால் நட்டம் வங்கியின் தலையில் விழும். 1935இல் தோன்றிய ரிசர்வ் வங்கியின் விதிகளும் வட்டி விகிதமும் கடிவாளமாக இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நம்பிக்கை. கடனைக் குறிக்கும் 'கிரெடிட்' என்னும் சொல், நம்புதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. நம் விசுவாச அறிக்கையின் இலத்தீன் முதற்சொல்லாகிய 'கிரேதோ'வும் அதே வினையின் வடிவமே. தமிழும் சளைத்ததன்று. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை அல்லவா நாம் வைத்திருக்கிறோம்!

காசு நாணயம் நேர்மை நாணயத்தைப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை மாகாணம் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. பாரி, பின்னி ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணப்பட்ட பெரு வணிக நிறுவனம் அர்பத்நாட். அலுவலர்களும் நிலக்கிழார்களும் கைம்பெண்களும் தம் சேமிப்பை அதில் வைத்திருந்தனர். 1906 அக்டோபர் 22 அன்று அது கதவை மூடியது. இலண்டனில் இருந்த பங்காளியின் ஊக வாணிபம் நிறுவனத்தின் அடித்தளத்தையே அரித்திருந்தது. முந்தைய நாள் வரை பணமாக இருந்த ஏட்டு வரவுகள் ஒரே நாளில் வெறும் எழுத்தாயின. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்ததேயன்றி, இழந்தவர்களின் முதுமைக்கு வைத்திருந்த பணம் முழுதாகத் திரும்பவில்லை.

அந்த இடிபாட்டிலிருந்து ஒரு நன்மையும் முளைத்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, நகரத்தார் சிலர் துணைநிற்க, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது. உடைந்த நம்பிக்கைக்கு மருந்து, நம்பத்தக்க மற்றோர் ஏட்டைத் திறப்பதே என்று அவர்கள் கண்டனர்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஏட்டில் பணம் பிறக்கும் என்றால், அது யார் பெயரில் பிறக்கிறது? ஈடு காட்ட வல்லவர் பெயரில்தான். ஈடு இல்லாத உழவருக்கு அன்று வட்டிக்கடைக்காரரே கதி. இதை ஆராயச் சென்னை அரசு பணித்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மானிய நாட்டுப்புறத்தில் ரைபைசன் வளர்த்த கடன் சங்கங்களை ஆய்ந்து, 1895இலும் 1897இலும் அறிக்கை தந்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் உழவர் கடன் சங்கம் ஒன்று எழுந்தது. ஒருவர் கடனுக்கு ஊரே பொறுப்பு என்பதே ரைபைசன் முறையின் உயிர்நாடி. நிலம் இல்லாவிடினும், அயலாரின் நற்சான்று ஈடாகலாம் என்று அது காட்டியது. 1992 முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கிகள் கடன் தருவதும் இந்த வழியின் நீட்சியே.

வடலூருக்கு அடுத்த நெய்வேலி நமக்கு மற்றொன்றையும் சொல்கிறது. நிலக்கரி நிறுவனம் தோன்றியது 1956இல். மண்ணை அகழ்ந்து பழுப்பு நிலக்கரியைக் கண்டது 1961இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வெட்டியவருக்குக் கூலி வேண்டியிருந்தது. அங்கே அரசின் முதல் அதைத் தாங்கியது. நெசவாளரின் தறியிலோ, வங்கிக் கடன் தாங்குகிறது. உழைப்புக்கும் பலனுக்கும் இடையே உள்ள காத்திருப்பைக் கடப்பதற்கே கடன். முடிவில் கரியோ துணியோ நெல்லோ வந்தால் எழுதிய பணம் மெய்யாகும். எதுவும் வராமல் எழுத்து மட்டும் பெருகினால், அது விலைவாசியாக ஏறும். அல்லது அர்பத்நாட்டாகச் சரியும்.

ஆகவே ஏட்டுப் பணம் ஏமாற்று அன்று. அது ஒரு வாக்கு. வாக்குக் கொடுப்பவர் நேர்மையும், வாங்குபவர் உழைப்பும் சேர்ந்தே அதைக் காக்கின்றன. அந்த ஏட்டில் ஏழையின் பெயரும் இடம்பெறும் நாளில், ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்.