இரத்தத்தில் நீரைக் காக்கும் புரதம்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலத்தில் அமைந்த ஊர் களுவாஞ்சிக்குடி. நீர் சூழ்ந்த இப்பகுதியார்க்குக் கருவாடு புதிதன்று. பச்சை மீனைக் கீறி உப்பிட்டு வைத்தால், மீனினுள் இருந்த நீர் வெளியே கசிந்து உப்பை நனைக்கிறது. உப்பு நீரைத் தன்பால் இழுக்கிறது. இதையொத்த ஓர் ஈர்ப்பே, மனிதரைப் பன்னெடுங்காலம் வருத்திய வீக்க நோயின் காரணத்தையும் விளக்கிற்று.

கால் வீங்குவதையும், வயிற்றில் நீர் கோத்து மகோதரம் காண்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். அந்நீர் ஏன் தேங்குகிறது என்பதுதான் புலப்படவில்லை. 1827-ஆம் ஆண்டில், இலண்டன் நகரத்துக் கைஸ் வைத்தியசாலையின் றிச்சார்ட் பிரைட் என்பவர், வீக்கமுற்ற நோயாளர் சிலரின் சிறுநீரைச் சூடாக்கியபோது அது முட்டை வெண்கருவைப் போல் உறைவதைக் கண்டு எழுதினார். உறைந்த பொருள் அல்புமின் என்னும் புரதம். பழுதுற்ற சிறுநீரகங்களின் வழியே, இரத்தத்தில் இருக்கவேண்டிய செல்வம் வீணே வெளியேறிக்கொண்டிருந்தது.

அப்புரதம் குறைந்தால் உடல் ஏன் வீங்கவேண்டும்? 1896-இல் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் இதற்கு விடை கண்டார். நுண்ணிய குழாய்களிலிருந்து இரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. உள்ளிருக்கும் புரதங்கள் அதை மீண்டும் உள்ளே இழுக்கின்றன. இவ்விழுப்பின் பெரும்பங்கு அல்புமினுடையது. ஈரல் நாள்தோறும் ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் வரை இதனை ஆக்குகிறது. சுகதேகியின் இரத்தத் தெளிநீரில் லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் உண்டு. மருந்துகளையும் கொழுப்பமிலங்களையும் சுமந்து செல்வதும் இதன் பணியே.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து எட்வின் கோன், குளிர்ந்த மதுசாரத்தைக்கொண்டு இரத்தத்திலிருந்து அல்புமினைப் பிரித்தெடுத்தார். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தில் தீக்காயமுற்றோருக்கு அது ஏற்றப்பட்டது.

போர்க்களத்துக்கு அப்பாலும் இப்புரதக் குறைவு காணப்பட்டது. 1930-களில் ஆபிரிக்கத் தங்கக் கரையில், தாய்ப்பால் மறந்த குழந்தைகள் வீங்கி மடிவதைச் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் கண்டெழுதினார். சேலத்தில் பிறந்த சி. கோபாலன், குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய நாள்களில், தென்னிந்தியக் குழந்தைகளிடம் அத்தகைய வீக்கத்தை ஆராய்ந்தார். அக்குழந்தைகளின் இரத்தத்திலும் அல்புமின் குறைந்தே இருந்தது.

அவ்வாறாயின் குறைந்ததை ஊசிவழி நிரப்பிவிட்டால் நோய் தீருமா? ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வைத்தியசாலைகளில் கடும் நோயுற்ற ஏறக்குறைய 7,000 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. விலையுயர்ந்த அல்புமின் பெற்றோரிடையேயும், வெறும் உப்புநீர் பெற்றோரிடையேயும் இறப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஈரல் நோயில் வயிற்று நீரை மிகுதியாக வடிக்கும்போது, அல்புமின் இன்றும் உற்ற துணையே. ஆயினும் அது எந்நோய்க்கும் ஏற்ற மருந்தன்று.

அல்புமின் குறைவது பெரும்பாலும் வேறொரு நோயின் அறிகுறி. ஆக்கும் ஈரல் நலிந்ததா, காக்கும் சிறுநீரகம் கசிகிறதா, நோய்த்தொற்று உண்டா, உணவு போதாதா என்று ஆராய்தல் வேண்டும். அல்புமின் குறையாமலே, இருதயத் தளர்ச்சியாலும் கால் வீங்கும். விரலால் அழுத்திய இடம் குழியாகவே நிற்குமாயின், அது களைப்பென்று விடத்தக்கதன்று, வைத்தியரிடம் காட்டத்தக்கது.