யார் பெயரில் பதிவு?

வாலிகண்டபுரத்து வாலீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொதுவாக இத்தகைய கோயில் சுவர்களில் நிலம் விட்டவர், விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் பெயர்களெல்லாம் கிடைக்கும். தூணைச் செதுக்கியவர் பெயர் கிடைப்பது அபூர்வம். அவருக்குக் கஞ்சி காய்ச்சியவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதே பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலைப் பக்கமுள்ள அரும்பாவூரில், இன்றும் வாகை, மா, வேம்பு மரங்களில் சாமி சிலைகள் செதுக்குகிறார்கள். 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த பொம்மையை அரும்பாவூர்ச் சிற்பம் என்று விற்றால் இனி வழக்குப் போடலாம். நல்லதுதான். ஆனால் அந்த உரிமை ஊரில் யார் கையில் இருக்கிறது?

1999இல் இயற்றி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. குறியீட்டின் உரிமையாளர் தனிமனிதர் அல்ல. சங்கமோ அரசு நிறுவனமோதான். ஒவ்வொரு உற்பத்தியாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநர்’ என்று தனியாகப் பதிவு செய்தால்தான் அதைப் பயன்படுத்தும் சட்ட உரிமை அவருக்கு வரும். இங்கே ஒரு வேடிக்கை. ‘உற்பத்தியாளர்’ யார் என்று சொல்லும் பிரிவு, கைவினைப் பொருளைச் செய்பவரோடு அதை வாங்கி விற்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. கடைக்காரர் உற்பத்தியாளர் ஆகிவிடுகிறார். வீட்டுத் தொழிலில் தேய்ப்பதும் மெருகேற்றுவதும் வண்ணம் பூசுவதும் பெண்ணாக இருந்தால், ‘கூடமாட ஒத்தாசை’ என்று அதற்குப் பெயர். சட்டம் அவளை விலக்கவில்லை. அவளே தன்னை உற்பத்தியாளர் என்று நினைத்து விண்ணப்பிப்பதில்லை, அவ்வளவுதான்.

பெண்கள் மட்டுமே செய்யும் கலையிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. நீலகிரித் தோடர் பூத்தையல் 2013இல் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பவர்கள் தோடர் பெண்கள், வரைந்துவைத்துத் தைப்பதில்லை. ஆனால் குறியீடு காப்பது பெயரைத்தான். அதே கோலத்தை இயந்திரத்தில் அச்சடித்து, தோடர் என்ற பெயரைச் சொல்லாமல் விற்றால் இந்தச் சட்டம் பெரிதாக ஒன்றும் செய்யாது.

தொழிலுரிமையைப் பெண்கள் பெயரிலேயே எழுதிவைத்த ஆவணம் நம்மிடம் இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில், சுமார் 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு 100 கலம் நெல். அரசன் ஆணையால் ஊர்விட்டு ஊர் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதை மறந்து இதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. என்றாலும் அதிலுள்ள ஒரு விதி கவனிக்கத்தக்கது. ஒருத்தி இறந்தாலோ வெளியேறினாலோ பங்கு நெருங்கிய உறவுக்குப் போகும். அவர்களுக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ளவரை அமர்த்த வேண்டும். நெல் வேலை செய்பவருக்கு.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் வாரிசைப் பற்றிப் பேசுகிறது. குறியீட்டு உரிமையை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஆனால் பதிவுபெற்றவர் இறந்தால் அது அவருடைய சட்டப்படியான வாரிசைச் சேரும். வேலை தெரியுமா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஆகவே, 30 ஆண்டு மெருகேற்றிய மனைவி பதிவேட்டுக்குள் வர ஒரு வழி இருக்கிறது: கணவர் சாக வேண்டும்.

இன்னொரு வழி 17ஆம் பிரிவு. உற்பத்தியாளர் என்று உரிமை கோரும் எவரும் சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். கணவரின் ஒப்புதல் வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.