கோலாரின் சயனைடு மேடுகள்



கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித் தமிழர்கள். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள் ஏராளம். மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்தைக் கட்டியவர்களும் அவர்களே.

தங்கத்தைச் சயனைடில் பிரித்தபின் மிஞ்சிய கல்மாவு, சுமார் 3.3 கோடி டன், 13 மேடுகளாகக் குடியிருப்புகளை ஒட்டிக் குவிந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, தூசி தங்கிவிட்டது. காற்றடிக்கும் நாளில் அது வீட்டுக்குள்ளே வருகிறது.

2024-இல் மேடுகளை ஏலம் விடும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மண்ணில் எஞ்சிய தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்த மண்ணைச் சுவாசித்த நுரையீரலுக்கும் லைன் வீடுகளின் உரிமைக்கும் கணக்கு எங்கே? கிளறும் முன் அதை எழுதச் சொல்வதே நம் வேலை.