இலையில்லாக் கம்பும் 1956ஆம் ஆண்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் மரச்சீனியை, அதாவது மரவள்ளியைப் பற்றி எழுதுவோர் அதன் தேமல் நோயின் இந்திய வரலாற்றை 1956இல் தொடங்குவது வழக்கம். முதற்பதிவாக மேற்கோள் காட்டப்படுவது அவ்வாண்டில் ஏ. ஆபிரகாம் எழுதியதே. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரண்டும் ஓராண்டில் அமைந்தது தற்செயலே. ஆயினும் எல்லை பிறந்த நாள் உறுதியானது. நோய் கண்ணுக்குப்பட்ட ஆண்டையே அது வந்த ஆண்டாகக் கொள்வதற்கு அடிப்படை இல்லை.

காரணம் பயிரின் இயல்பிலேயே உள்ளது. உழவர்கள் மரவள்ளியை விதையிட்டு அன்று, கம்பு நட்டே பெருக்குகின்றனர். நோயின் அடையாளங்களோ இலையில் தோன்றுபவை: மஞ்சள் திட்டுகள், சிறுத்து முறுக்கிய இலைப்பரப்பு. கிழங்கு பிடுங்கியபின் நிழலில் சார்த்திவைத்த கம்பில் இலை இராது. ஆக, அண்டை வீட்டாரிடம் கம்பு வாங்கும் வேளையில் நோயைக் காட்டும் உறுப்பே அங்கில்லை. உருளைக்கிழங்குக் கருகல் விதைக்கிழங்கினுள் மறைந்திருப்பதும் இத்தகையதே. வெப்பம் மிகுந்த பருவத்தில் தளிர்க்கும் இலைகளிலும் அறிகுறி மங்குவதுண்டு.

திருவிதாங்கூரில் இப்பயிரைப் பரப்ப முனைந்தவர் விசாகம் திருநாள் (1880–85). 1942இல் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் பசியை ஆற்றியது இக்கிழங்கு. கம்புகள் கைமாறிய வேகமும் அப்போது கூடியிருக்க வேண்டும். இது என் ஊகம்.

நோயைப் பயிரோடு வந்ததாகவும் சொல்ல இயலாது. மரவள்ளியின் தாயகமான தென் அமெரிக்காவில் இத்தேமல் இல்லை. 1894இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வார்பர்க் இத்தகைய நோயை விவரித்தார். ஆனால் ஆப்பிரிக்க நச்சுயிரிகளும் இந்திய நச்சுயிரியும் வெவ்வேறு இனங்கள் எனப் பிற்கால மரபணு ஒப்பீடுகள் காட்டின. உள்ளூர்ச் செடியொன்றிலிருந்து வெள்ளை ஈ வழியாகத் தாவியிருக்கலாம்.

இவ்வூர்களுக்கு வடக்கே ஸ்ரீகாரியத்தில் 1963இல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. எலிசா, பி.சி.ஆர். சோதனைகள் வந்தபின், அறிகுறி காட்டாத செடியிலும் தொற்றை அறிய முடிந்தது. ஆனால் சோதனை ஆய்வகத்தில் நடக்கிறது. கம்பு வேலிக்கு மேல் கைமாறுகிறது.

இலங்கையில் கண்டறியப்பட்டதால் 2002இல் 'இலங்கை மரவள்ளித் தேமல் நச்சுயிரி' என்று பெயர்பெற்ற இனம் தென்னிந்தியாவிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. 2015இல் கம்போடியாவிலும் கண்டறியப்பட்டது. அப்பெயர் சுட்டுவதும் முதலில் கண்ட இடத்தைத்தான், பிறந்த இடத்தை அன்று.