கங்காணி முதல் கைப்பேசி வரை: எல்லை மலைகளில் வேலை தேடிய வரலாறு

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத்தில் வேலை தேடியவருக்கு நெடுங்காலம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள வழி இருக்கவில்லை. அவருக்காக இன்னொருவர் பேச வேண்டும். இன்று வாட்ஸ்அப்பும் லிங்க்ட்இனும் செய்துதரும் அறிமுகம் மூணாறு மலையில் தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணியின் வாயில்தான் இருந்தது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சின்கோனா என்று பயிரிட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. கங்காணி மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட ஊர்களுக்குப் போய், முன்பணம் கொடுத்துத் தன் உறவையும் ஊராரையும் திரட்டினார். போடியிலிருந்து மலையேறி வந்தவர்களில் பலர் தலித்துகள். தோட்டத்தை நடத்திய துரைக்கு அவர்களில் யாரையும் தனியாகத் தெரியாது. இன்ன கங்காணியின் ஆட்கள் என்றுதான் தெரியும். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற தலைகளைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தரகு கிடைத்தது. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அதைச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. முன்பணக் கடனோ அவர் கழுத்தில் கிடந்தது. பக்கத்து ஆனைமலைத் தோட்டங்களில் நடந்த இக்கொடுமையை, அங்கு மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ நாவலாக எழுதினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’.

தோட்ட வேலை பரம்பரையாகத் தொடர்ந்ததற்குத் தொழிலாளர் வரிசை வீடான லயமும் ஒரு காரணம். வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காக்கவே பிள்ளைகள் கூடையைத் தோளில் மாட்டினார்கள்.

பாலக்காட்டுச் சமவெளியில் நிலைமை வேறு. கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களின் தமிழ் இளைஞர்கள் பள்ளிப் படிப்போடு தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, சென்னைக்கும் பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறினார்கள். அங்கே முன்பே போய்ச் சேர்ந்த மாமாவோ சித்தப்பாவோ அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார். சான்றிதழ் சொந்தமானது, சிபாரிசு குடும்பத்துடையது. அந்தக் குடும்ப வலை இல்லாத சித்தூர்ப் பக்கத்து உழவுத் தொழிலாளிக்கு இந்த வழி திறக்கவில்லை.

1945இல் போர் முடிந்து திரும்பும் படைவீரர்களுக்காகத் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலகம் பின்னர் எல்லாருக்குமானது. 1956இல் கேரளம் உருவானபோது அதன் அரசுப் பணித் தேர்வாணையமும் வந்தது. சிபாரிசின் இடத்தைப் பதிவு மூப்பும் தேர்வு மதிப்பெண்ணும் பிடித்தன. தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் என்ற தனிப் பணிப்பிரிவு எல்லைத் தமிழருக்கு ஒரு வாசல். யாருடைய ஆள் என்று கேட்காத ஏற்பாடு இது; இந்த நீண்ட கதையில் ஆகப் பெரிய மாற்றமும் இதுவே.

இந்தத் தேர்வு வழிக்குத் துணையாகப் பின்னர் கைப்பேசி வந்தது. மூணாற்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். நிலையத்தின் இலவச வைஃபையில் பாடங்களைத் தரவிறக்கி, தலையில் பெட்டியும் காதில் ஒலிக்கருவியுமாக நடந்தபடியே கேட்டார். வினாக்களை மனத்துக்குள் தீர்த்துப் பார்த்து, இரவில் மீண்டும் படித்தார். தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் அவர் தேறிய செய்தி 2018இல் நாடெங்கும் பரவியது. அவருக்கு எந்தக் கங்காணியும் தேவைப்படவில்லை.

இப்போது வேலை அறிவிப்பும் மாதிரி வினாத்தாளும் டெலிகிராம் குழுக்களில் வருகின்றன. கோவைக்கும் கொச்சிக்கும் போக விரும்பும் பட்டதாரிகள் லிங்க்ட்இனில் தம் வேலைத் திறனைத் தாமே எழுதி வைக்கிறார்கள். ஆனால் இந்த வசதி மலை முழுவதும் ஒன்றுபோல் எட்டவில்லை. கொரோனா கால இணையவழி வகுப்புகளுக்காக ராஜமலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி இரவிகுளம் பூங்காப் பக்கம் போக வேண்டியிருந்தது. சிக்னல் எட்டாத லயங்களில் வேலைச் செய்தி இன்னும் ஆள் வாய் வழியாகவே வந்து சேருகிறது.