மலைத்தோட்டத்துத் தாய்மையும் மீனுணவும்: ரிங்லெட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ரிங்லெட்டை அடுத்த சரிவுகளில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அங்குக் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்க்குக் கடல் தொலைவானது; தாப்பாவிலிருந்து வளைந்தேறும் சாலை வழியாகவே கடலுணவு மலையேற வேண்டியிருந்தது. குளிர்பதன வசதி பரவாத அக்காலத்தில் கெடாது வந்து சேரக்கூடியது கருவாடே. எனவே, கருவுற்ற தோட்டப் பெண்களின் மீனுணவைப் பற்றிப் பேசுவது பெரிதும் கருவாட்டைப் பற்றிப் பேசுவதாகும்.

தொழிலாளரின் உணவுப் பழக்கம் மருத்துவ அறிவுக்கு வழிகாட்டியமைக்கு மலாயாவிலேயே முன்சான்று உண்டு. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே பெரிபெரி நோய் அரிதாக இருந்ததை பிராடன் கவனித்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் தீட்டிய வெள்ளரிசிக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1909இல் நிறுவினர்.

மீனைப் பொறுத்தும் இத்தகைய ஆய்வு தேவைப்படுகின்றது. 2007இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு, இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 11,875 கருவுற்ற பெண்களின் உணவை ஆராய்ந்தது. வாரத்திற்கு 340 கிராமுக்குக் குறைவாகக் கடலுணவு உண்ட தாயரின் பிள்ளைகளிடையே, எட்டு வயதில் மொழிசார் அறிவுத்திறன் குன்றியோர் மிகுதி என அது கண்டது. இது தொடர்பைக் காட்டுகின்றதேயன்றிக் காரணத்தை முடிவாக மெய்ப்பிக்கவில்லை. எனினும், மூளை வளர்ச்சிக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்பும் அயோடினும் மீனில் உள்ளமை தெளிவு.

நெத்திலி போன்ற சிறுமீன்களில் பாதரசம் குறைவு, ஒமேகா-3 மிகுதி. உலர்த்துகையில் அக்கொழுப்பில் ஒரு பகுதி கெடுவதும், கருவாட்டில் உப்பு மிகுவதும் குறைகளாம். ஏழை உணவெனத் தாழ்த்தப்பட்ட நெத்திலி இவ்வகையில் மதிப்பு மிக்கது. மாறாக, தாய்ப்பால் சுரக்கும் என மரபு போற்றும் சுறாவில் பாதரசம் மிகுதி. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைப் பாதரசம் எவ்வாறு சிதைக்கும் என்பதை ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட நோய் உலகுக்கு உணர்த்தியது. ஆகவே, மரபை முழுதாகப் போற்றலும் முழுதாகத் தள்ளலும் பொருந்தா.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைக்குமாறு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. தோட்டப் பிள்ளைகளின் கல்வித் தேக்கத்தை ஆராயுங்கால் பள்ளியையும் பெற்றோரின் அக்கறையையும் மட்டும் நோக்குதல் போதாது. தாய் கருவுற்றிருந்தபோது உண்டதும் அவ்வரலாற்றில் அடங்கும். அடுப்படியில் நடந்தவை ஆவணங்களில் அருகியே காணப்படும். தோட்டத்து மூதாட்டியரின் நினைவுகளே அதற்குரிய சான்றுகள். அவர்கள் இருக்கும்போதே அவற்றைத் தொகுத்தல் நம் ஆய்வாளர், ஆசிரியர்தம் கடமையாகும்.