வாசலைக் கடக்கும் அதிகாரம்

காவலர் ஒருவரது இல்லத்தினுள் புகுந்து எதைத் தேடலாம், எதை எடுத்துச் செல்லலாம் என்னும் வினா மிகப் பழையது. 1762 நவம்பரில் இங்கிலாந்தில் ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டுக்குள் அரச ஏவலர் நால்வர் நுழைந்தனர். அரசை இழித்து எழுதினார் என்பது அவர்மீதிருந்த புகார். அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு பிறப்பித்த ஆணையே அவர்கள் கையிலிருந்தது. நான்கு மணி நேரம் பூட்டுகளை உடைத்துத் தேடி, தாள்களை அள்ளிச் சென்றனர்.

என்டிக் வழக்குத் தொடுத்தார். அமைச்சர் இவ்வாறு ஆணையிட எந்தச் சட்டமும் இடந்தரவில்லை. அரசின் தேவை என்பது மட்டுமே சட்டமாகிவிடாது என 1765இல் கேம்டன் பிரபு தீர்ப்பளித்தார். களவுபோன பொருளைத் தேடுவது வேறு, ஒருவரது சொந்தத் தாள்களைக் கொண்டே அவர்மீது குற்றத்தை நாட்டுவது வேறு என்றும் பிரித்துக் காட்டினார். என்டிக்குக்கு 300 பவுன் இழப்பீடு கிடைத்தது.

இவ்வேறுபாடு அமெரிக்காவில் மேலும் இறுகியது. களவுப்பொருள், குற்றக்கருவி, தடைசெய்யப்பட்ட பொருள் ஆகியவற்றைக் கைப்பற்றலாம். வெறும் சான்றாக மட்டுமே உதவும் பொருளைக் கைப்பற்றலாகாது என 1921இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1967இல் அதே நீதிமன்றம் அவ்விதியைக் கைவிட்டது. பால்டிமோரில் கொள்ளையனைத் துரத்திச் சென்ற காவலர் சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த உடைகள் சான்றாக ஏற்கப்பட்டன. எனினும், பொருளுக்கும் குற்றத்துக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்ற வரம்பு நிலைத்தது.

இந்தியாவில் 1954இல் எம்.பி. சர்மா வழக்கை விசாரித்த எட்டு நீதிபதிகள், தாள்களைச் சோதனையிட்டுக் கைப்பற்றுவது ஒருவரைத் தமக்கெதிராகச் சாட்சி கூற வற்புறுத்துவதாகாது என்றனர். அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்ற அத்தீர்ப்பின் கருத்தை 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் நீக்கினர்.

பிறர் இல்லத்தில் அனுமதியின்றி நுழையலாகாது என அந்நூர் அத்தியாயம் வழியாக அறிந்த நாம், சட்டம் வகுத்துள்ள வரம்புகளையும் அறிந்திருத்தல் வேண்டும். நீதிமன்றப் பிடியாணையின்றிச் சோதனையிடும் அதிகாரி அதற்கான காரணத்தையும் தேடும் பொருளையும் முன்னதாகவே எழுத்தில் பதிய வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவரேனும் சாட்சியாக இருத்தல் வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலை வீட்டாருக்குத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் சோதனையை ஒலி, ஒளிப்பதிவு செய்வதும் கட்டாயம். சோதனையைத் தடுப்பது நம் உரிமையன்று. பட்டியலின் நகலைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. என்டிக் வென்றதும் கைகலப்பால் அன்று, வழக்கால்தான்.